ஏணி ஏறினால் எண்பத்து நான்கு

மாண்புமிகு மகாராஷ்டிர முதலமைச்சர் அவர்களுக்கும், பொதுச் சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கும், பெருமும்பை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

தாராவி லேபர் கேம்ப்பிலிருந்து எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 58. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 95 காட்டும். எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் பத்துப் படி வைத்த இரும்பு ஏணி. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்ததும் அதே விரலில் அதே கருவி 84 காட்டும். உதடு நீலம் பாயும். பேச்சு வராது. கையை மட்டும் ஆட்டி, "இரு, இரு" என்பாள். ஐந்து நிமிடம் கழித்து எண் மெல்ல ஏறி 93க்கு வரும். அப்போதுதான் எனக்கும் மூச்சு வரும்.

பதினெட்டு மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தேன். எல்லோரும் அம்மாவை உட்காரவைத்துத்தான் பார்த்தார்கள். 95 இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லி ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பதினெட்டு மாதம் திரும்பி வராது. இன்னொரு வீட்டுக்கு அது நேராமல் இருக்கவேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா, அம்மா இருவருக்கும் இட்லிதான் தொழில். இரவு பத்து மணிக்கு மாவு, விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு, ஐந்தரை மணிக்கு அப்பா சைக்கிளில் அண்டாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாட்டுங்கா, வடாலா என்று சுற்றிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவார். அந்த இட்லியில்தான் நானும் தம்பியும் படித்தோம். இப்போது நான் மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அதனால் எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தில் இருப்பவைதான்.

2022 பிப்ரவரியில் வறட்டு இருமல் தொடங்கியது. சளியே வராது. தெருமுனை டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார், பிறகு ஆஸ்துமாவாக இருக்கும் என்று பம்ப் கொடுத்தார். ஜூலையில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு பக்கமும் நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் ஒரு தனியார் மருத்துவமனையில், "தாராவி தானே, டி.பி.யாகத்தான் இருக்கும்" என்று சொல்லி ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, சாப்பாடு பிடிக்காமல் போக, அம்மா ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினாள்.

சந்தில் சேதி பரவியது. டி.பி. இருக்கும் வீட்டு இட்லியை யார் வாங்குவார்கள்? நாற்பது வருடமாக எங்களிடம் வாங்கியவர்கள், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாமல், சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தை குட்டி உள்ளவர்கள். அப்பா மட்டும் அண்டாவில் பாதி மிச்சத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த நாள்கள் எனக்கு மறக்காது. 2023 ஜனவரியில் மாத்திரை முடிந்தது. மூச்சிரைப்பு முன்னைவிட அதிகமாகியிருந்தது. "ஏட்டி, எனக்கு என்னமோ வேற சீக்குட்டி" என்று அம்மாதான் முதலில் சொன்னாள்.

அது வேறு நோய்தான் என்று ஒருவர் சொல்லக் கேட்டது 2023 ஆகஸ்டில்.

அந்த டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் நான் உங்களிடம் கேட்கப்போவது எல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதிலிருந்துதான் வருகிறது. அலுவலகத் தோழி ஒருத்தியின் சித்தப்பாவுக்கு இதேபோல் இருந்து, அவர் காட்டிய நிபுணர் என்று பெயர் கிடைத்தது. பெரிய மருத்துவமனை. பத்து ரூபாய்க் கேஸ் பேப்பர் எடுத்து, வரிசையில் நாலு மணி நேரம் நின்று உள்ளே போனோம். முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. மராட்டிக்காரர். அம்மாவின் முதுகில், கீழ்ப்பக்கம், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். கேட்டார். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். செருப்பில், பையில் ஒட்டும் வெல்க்ரோப் பட்டையைப் பிரித்தால் வருமே, அதே சரசரப்பு. பிறகு அம்மாவின் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகம் உருண்டு, நுனி தடித்திருந்தது. அடுப்பு வேலையால் அப்படி ஆனது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அதன்பின் வராண்டாவுக்கு அழைத்துப்போய், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, நடக்கச் சொன்னார்கள். முப்பது மீட்டர் தூரம், போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஆறு நிமிடம். உலகம் முழுக்கச் செய்யும் பரிசோதனைதான் அது. மெஷின் என்று ஒன்றும் பெரிதாக வேண்டாம். தரையில் ஒரு கோடு, கையில் ஒரு கடிகாரம் போதும். நான்காவது நிமிடத்தில் எண் 83க்கு இறங்கியது, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

உட்கார்ந்தால் 95, நடந்தால் 83. ஏன் என்று டாக்டர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் காற்றுப் பைகளுக்கு நூலினும் மெல்லிய சுவர். அந்தச் சுவர் வழியாகத்தான் பிராணவாயு இரத்தத்துக்குள் போகவேண்டும். இந்த நோயில் சுவர் தழும்பேறித் தடித்துப்போகிறது. ஓய்வாக இருக்கும்போது இரத்தம் நிதானமாக ஓடுவதால், தடித்த சுவரைத் தாண்டி வாயு வந்துசேர நேரம் கிடைக்கிறது. நடந்தால் இரத்தம் வேகமெடுக்கிறது, நேரம் போதவில்லை. உட்காரவைத்து மட்டும் பார்க்கிறவருக்கு இந்த நோய் பிடிபடாது.

பிறகு கேள்விகள். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, எங்களிடம் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன வேலை, என்ன அடுப்பு? வீட்டில் ஏர் கூலர் உண்டா? சுவரில் ஓதம், பூஞ்சை உண்டா? இறகுத் தலையணை? மூட்டு வலி, வாய் வறட்சி, விரல் வெளுத்துப்போவது? முன்பு சாப்பிட்ட மாத்திரைகள் என்னென்ன? கடைசியாக, "புறா?" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தகரக் கூரை மேல் தினமும் விடிகாலையில் அரிசிக் குருணையும் மிச்ச இட்லியும் போடுவாள். பதினைந்து வருடப் பழக்கம். இறந்துபோன எங்கள் பாட்டியை நினைத்துத் தொடங்கியது. முப்பது, நாற்பது புறா வரும். மேல் அறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அவை இறக்கையடிக்கும். எச்சத்தைச் சுரண்டிக் கூட்டுவதும் அம்மாதான். அதையெல்லாம் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோயின் பெயர் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ். புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் இருக்கும் புரதம் மூச்சோடு உள்ளே போய், ஒவ்வாமையால் நுரையீரல் அழன்று, நாளடைவில் அழற்சி தழும்பாகிவிடுகிறது. எங்கள் சந்தில் இதை "நுரையீரல் சுருங்கிப்போச்சு" என்கிறார்கள். சரியான சொல்தான். தழும்பு விழுவதற்கு முன்னால் கண்டுபிடித்து, காரணத்தை விலக்கிவிட்டால் பலருக்கு நன்றாகவே தேறிவிடும். தழும்பு விழுந்த இடம் திரும்ப நுரையீரல் ஆகாது, மேலே பரவாமல் தடுக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான். பதினெட்டு மாதம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்த மாதங்களிலும் அம்மா தினமும் ஏணி ஏறிப் புறாவுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயா, அம்மா, எங்கள் வீட்டிலிருந்து நகரின் மிகப் பெரிய மருத்துவமனைகள் கூப்பிடு தூரம். சயான் மருத்துவமனை எங்கள் எல்லையிலேயே இருக்கிறது. தாராவிக்குள்ளேயே இருக்கும் அதன் கிளைக்கு, சோட்டா சயான் என்று சொல்லி, நாங்கள் போய்வருகிறோம். மாகிமும் பரேலும் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அந்தச் சிறு தூரத்தைக் கடக்க ஒன்றரை வருடம் ஆனது. வழி தெரியாததால் ஆனது. மூச்சிரைப்புக்கு எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை எந்த அறைக்குப் போகவேண்டும் என்று, நான் பார்த்த எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் எனக்கு அந்தத் தோழி இல்லாவிட்டால் இன்றைக்கும் அம்மாவுக்குப் பம்ப்தான்.

தெருமுனை டாக்டரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. முப்பது ரூபாய், ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு நள்ளிரவிலும் கதவைத் திறப்பவர் அவர்தான். ஆனால் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது பழைய கதை. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாராவியின் நூறு தனியார் மருத்துவர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். எண்பது விதமாக எழுதினார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, 2010இல், டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் அவருடன் இருந்தவர்களும் மும்பையில் மறுபடி அதையே கேட்டுப் பார்த்தார்கள். 106 பேர் 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் ஆறு பேர். ஊரறிந்த காசநோய்க்கே இந்த நிலை என்றால், பெயரை வாயில் நுழைக்கவே சிரமமான நோய்க்கு அவர் என்ன செய்வார்? காசநோய்க்காக அரசு செய்யும் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த நோய் எங்கள் சந்தில் யார் யாரைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். சளியில் கிருமி இல்லை என்று வந்தபின், மாத்திரையைத் தொடங்குமுன், "வேறு ஏதாவது இருக்குமோ" என்று ஒருவர் யோசிக்க வழி வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

இது ஏதோ ஓர் அம்மாவுக்கு வந்த அபூர்வ நோய் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தியாவில் 19 நகரங்களின் 27 மருத்துவமனைகளில், 2012 முதல் 2015 வரை, நுரையீரல் தழும்பு வகை நோய்கள் உள்ள 1,084 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. அதில் 47.3 சதவீதம் பேருக்கு இருந்தது என் அம்மாவின் நோய்தான். மேல்நாடுகளில் முதலிடம் வேறு வகைக்கு. நம் நாட்டில் முதலிடம், காரணத்தைத் தேடிப் பிடித்து விலக்கக்கூடிய இந்த வகைக்கு. அந்த ஆய்வில் இந்த நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் வாழ்ந்தவர்கள். அரிய நோய் என்று ஒதுக்கிவிட்டு, தேடாமல் இருப்பதால்தான் இது அரிதாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

புறாவைப் பற்றி நீங்கள் கேட்காமலே நான் சொல்லவேண்டும். 2025 ஜூலையில் சட்ட மேலவையில் பேச்சு வந்து, புறாவுக்கு இரை போடும் பொது இடங்களான நகரின் 51 கபூத்தர்கானாக்களையும் மூடச் சொல்லி அரசு மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தாதர் கபூத்தர்கானாவைத் தார்ப்பாயால் மூடினார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி கூட்டம் திரண்டு அதைக் கிழித்தது. விஷயம் ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தில் இருந்தது, ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. டி.வி.யில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "புறாவுக்கு இரை போடுதவங்க எல்லாரும் கெட்டவங்களாட்டி?" என்று கேட்டாள். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்கும்போது கேட்டாள்.

பொது இடத்தில் இரை போடுவதை நிறுத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன். நாற்பது புறா வரும் தகரக் கூரைக்கே இந்தக் கதி என்றால், ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தைச் சுற்றிக் கடை போட்டிருப்பவரும், எதிர்மாடியில் குடியிருப்பவரும் என்ன ஆவார்கள்? ஆனால் தார்ப்பாயும் போலீஸும் அபராதமும் மட்டும் போதாது. பதினைந்து வருடத்தில் ஒரு நர்ஸோ, ஆஷா ஊழியரோ, டாக்டரோ, "இருமல் இருக்கிறவர்கள் புறாவிடம் நெருங்காதீர்கள்" என்று தமிழிலோ இந்தியிலோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே நிறுத்தியிருப்பாள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்களிடம் நோயின் முகத்தைக் காட்டிப் பேசவேண்டும். அதற்கு என் அம்மாவே வருவாள். இரை போட்ட கை அவளுடையது, அவள் சொன்னால் கேட்பார்கள்.

வழி இல்லை என்று சொல்லாதீர்கள். வழியைத் திறந்து காட்டியவர்கள் நீங்கள்தான். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தார். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கான பேர், பத்துக்குப் பத்து அறைகள், பொதுக் கழிப்பறைகள். எல்லோரும் எங்களைக் கைவிட்டு எழுதினார்கள். மாநகராட்சி கைவிடவில்லை. டாக்டர்களும் ஊழியர்களும் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு சந்து சந்தாக வந்தார்கள். வீட்டு வாசலில் நின்று, காய்ச்சல் பார்த்து, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, எண்ணை நோட்டில் எழுதினார்கள். அந்தக் கருவியை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று அப்பா ஓர் ஈடு இட்லியைச் சந்தில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தார்.

அதே கருவி, அதே சந்து, அதே ஊழியர்கள். இந்த முறை, நாலு அடி நடக்கச் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

2022இல் நீங்கள் தொடங்கிய ஆப்லா தவாகானா என்னும் சிறு மருத்துவமனைகள் எங்களுக்குப் பெரிய உதவி. சாயங்காலமும் டாக்டர் இருப்பதால் வேலைக்குப் போகிறவர்கள் கூலியை விடாமல் போகமுடிகிறது. 147 வகைப் பரிசோதனை இலவசம் என்கிறீர்கள். அதனோடு, இரண்டு மாதத்துக்கு மேல் இருமலும் இரைப்பும் உள்ளவரை நடக்கவைத்து எண் பார்ப்பதையும், புறா, கூலர், வேலை செய்யும் இடத்துத் தூசி என்று ஐந்தாறு கேள்வி கேட்பதையும் சேர்த்துவிடுங்கள். தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கிறவர், தோல் பதப்படுத்துகிறவர், சூளை போடுகிறவர், பஞ்சு அடிக்கிறவர் என்று ஒவ்வொருவருடைய நெஞ்சுக்குள்ளும் ஒவ்வொன்று போய்க்கொண்டிருக்கிறது. நான்கு மொழியில் அச்சடித்த ஒரு தாள் போதும். எண் குறைந்தால் அந்தத் தாளோடு நேராக நிபுணரிடம் போகும்படி தேதி போட்டுக் கொடுக்கவேண்டும். கே.இ.எம்., சயான், நாயர், கூப்பர் என்று மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு நாள் இந்த நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, அது எந்தக் கிழமை என்று ஊரறியச் சொல்லுங்கள். எங்கள் டாக்டர் சொன்னார்: இந்த வகை நோய்களில் ஒரே டாக்டர் தனியாக முடிவு சொல்லக்கூடாது, நெஞ்சு டாக்டரும் ஸ்கேன் பார்ப்பவரும் மூட்டு நோய் டாக்டரும் திசு பார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவேண்டும். நான்கு பேரும் ஒரே கட்டடத்தில் இருப்பது உங்கள் மருத்துவமனைகளில்தான். இங்கிலாந்தில் இந்த நோய்க்கென்று குறிப்பிட்ட மையங்களை அரசே வைத்து, அங்கே அனுப்பி, தழும்பைத் தடுக்கும் மருந்தையும் அரசு செலவிலேயே கொடுக்கிறார்கள்.

செலவு என்றதும் நீங்கள் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சொல்வீர்கள். குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்று அதை விரித்தது நல்ல காரியம். ஆனால் அது படுக்கையில் சேர்ந்தவர்களுக்கான திட்டம். அம்மாவின் நோய் நடந்துபோய் வரும் நோய். ஸ்கேன், மூச்சுப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, மாத்திரை, வீட்டில் ஆக்சிஜன், எல்லாமே வெளிநோயாளிச் செலவு. எங்கள் நோட்டில் உள்ளபடி மாத்திரைக்கு மாதம் ஐயாயிரத்துக்குக் குறைவில்லை. ஆக்சிஜன் மெஷின் வாடகை நாலாயிரம். மின்சாரம் தனி. கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்குக் கணக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் ஐம்பது லட்சம் வரை உதவி உண்டு, கே.இ.எம். அதற்கான மையங்களில் ஒன்று. ஆனால் அந்த 63 நோய்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்குப் பிறவியில் வரும் மரபணு நோய்கள். அந்தக் குழந்தைகளுக்குப் போகவேண்டிய பணம் போகட்டும். அம்மா மாதிரி ஆட்களுக்கு ஐம்பது லட்சம் வேண்டாம். வெளிநோயாளிப் பரிசோதனையையும் தழும்பு தடுக்கும் மாத்திரையையும் வீட்டு ஆக்சிஜனையும் உங்கள் மாநிலத் திட்டத்துக்குள் கொண்டுவந்தாலே போதும்.

அந்த மாத்திரையைப் பற்றி இன்னொன்று. நின்டெடானிப் என்று பெயர். தழும்பு பரவுவதை மெதுவாக்கும். ஆய்வுகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு கண்டது. அம்மாவுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறை சந்து முனையில், எழுபது அடி தள்ளி, அங்கே நாலு படி ஏறவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். நடந்தால் மூச்சு நிற்கும் ஒரு மனுஷி, ஒரு நாளைக்கு ஆறு முறை. மூன்றாவது வாரம் அம்மா எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்த பட்டையை நான்தான் கண்டுபிடித்தேன். திட்டவில்லை. டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்து, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு நாற்காலிக் கழிப்பறையைத் தம்பி வாங்கிவைத்தபின் மறுபடி தொடங்கினாள். மருந்தை எழுதுகிறவர்களுக்கும் திட்டத்தை எழுதுகிறவர்களுக்கும் இந்த எழுபது அடி தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது தாராவியையே இடித்துக் கட்டப்போகிறீர்கள். யாருக்கு இங்கேயே வீடு, யாருக்கு வெளியே என்று கணக்கெடுக்கிறார்கள். தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கரை இதற்கென்று ஒதுக்க 2024இல் முடிவெடுத்தீர்கள். செம்பூர் பக்கம் மாகுலில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். குழாய்ப் பாதை ஓரத்து மக்களை எண்ணெய் ஆலைகளுக்கு நடுவில் குடியேற்றினார்கள். மூச்சுமுட்டி, தோல் அரித்து, அவர்கள் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். 2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள நான்கு நிறுவனங்களுக்குக் காற்று மாசுக்காக மொத்தம் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வீட்டுப் பட்டியல் எடுக்க வருகிறவர்கள் கையில், இந்த வீட்டில் மூச்சு நோயாளி உண்டா என்று ஒரு கட்டமும் இருக்கட்டும். குப்பைமேட்டுப் பக்கம் அனுப்பக்கூடாதவர்கள் யார் என்பது அதில் தெரிந்துவிடும்.

எண்ணிப் பார்த்தால்தான் எதுவும் கண்ணுக்குத் தெரியும். ராஜஸ்தானில் கல் உடைக்கிறவர்களுக்குச் சிலிக்கோசிஸ் வருவதை அந்த அரசு 2019இல் ஒரு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நோய் என்று சான்று கிடைத்தால் மூன்று லட்சம், இறந்துபோனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். பணம் ஒரு பக்கம், எத்தனை பேர் என்று அரசே கணக்கு வைக்கவேண்டியதாயிற்று. மும்பையில் நுரையீரல் தழும்பு நோயாளிகள் எத்தனை பேர், எந்த வார்டில், எந்தத் தொழிலில் என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். கொரோனா காலத்தில் தினமும் சாயங்காலம் எங்கள் ஜி வடக்கு வார்டின் எண்ணிக்கை வந்ததே, அதுபோல.

இப்போது என் மனதை அரிக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா. வயது நாற்பத்தொன்று. மெத்தைக் கடையில் பழைய தலையணைகளைப் பிரித்து உதறும் வேலை. பத்து மாதமாக வறட்டு இருமல். பரிசோதனையில் கிருமி இல்லை, ஆனாலும் இரண்டாம் முறையாக டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தன் ஆக்சிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். 96. "நல்லாத்தானே இருக்கு" என்றார். "ஏணில ஏறி இறங்கு, பாப்போம்" என்றாள் அம்மா.

87.

எங்கள் டாக்டரின் ஓ.பி.யில் புதியவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தேதி. அந்த அக்காவுக்குத் தோழி வழியாகப் பெயர் சொல்ல யாரும் இல்லை, என்னைத் தவிர. அவர் எந்தக் கிழமை, எந்த மருத்துவமனையில், எந்த அறைக் கதவைத் தட்டவேண்டும்? பதில் எழுதுங்கள். சந்தில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இட்லிக்காரியின் மகள்,
லேபர் கேம்ப், தாராவி, மும்பை